டாட்சன் 240இசட் காரை அசல் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய காரை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது வேறு, அசல் நிலைக்குக் கொண்டுவருவது வேறு. முதல் வேலையில் கார் நன்றாக ஓடி, பார்க்கவும் பளிச்சென்று இருந்தால் போதும். இரண்டாவது வேலையில், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எந்த போல்ட்டுக்கு மஞ்சள் முலாம் இருந்தது, டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கே பெயிண்ட்டை ஏனோதானோவென்று அடித்திருந்தார்கள் என்பதுவரை பார்க்க வேண்டும். பணமும் கைவேலையும் தேவைதான். ஆனால் இந்த வேலைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது, காரைச் சரியாகப் படித்துப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதால்தான்.

இந்தக் கட்டுரை, ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் டாட்சன் என்ற பெயரில் விற்ற 240இசட் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு நடக்கிறது. டொயோட்டா 2000ஜிடி, மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் போன்ற வண்டிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. பாகம் தேடியே ஆயுள் போய்விடும். 240இசட் அப்படி இல்லை. 1,50,000-க்கும் மேல் தயாரானது, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன, தொழிற்சாலை சர்வீஸ் கையேடும் கிடைக்கிறது, எஞ்சினும் எளிமையானது. வேறு ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

எந்த மாதத்துக் கார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ‘1971 மாடல்’ என்று சொன்னால் போதாது. நிஸ்ஸான் இந்தக் காரை ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் 1969 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. 1970-இல் அமெரிக்காவில் 240இசட்டாக 3,526 டாலருக்கு விற்றது. அதன்பிறகு 1973 வரை சின்னச் சின்ன மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆரம்பக்கால வண்டிகளில் காற்றுத் துவாரங்கள் பின்கதவில் இருக்கும். 1971 தொடக்கத்தில் அவை பின்பக்கத் தூணுக்கு மாறி, அங்கே இருந்த ‘240இசட்’ எழுத்துச் சின்னத்துக்குப் பதிலாக வட்டச் சின்னம் வந்தது. பின்கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிகள் முதலில் செங்குத்தாக இருந்தன, பிறகு கிடைமட்டமாயின. 1971 நடுவில், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையே 35 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆக, இன்னொருவருடைய அழகான 1972 வண்டியைப் பார்த்து உங்கள் 1970 வண்டியைச் செய்தால், செலவு செய்து தவறாக்கியதாகத்தான் முடியும்.

அமெரிக்க வண்டி என்றால் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் தயாரிப்பு மாதம் இருக்கும். சேசிஸ் எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் குத்தப்பட்டிருக்கும். இடப்பக்க ஸ்டியரிங் 240இசட் என்றால் எச்எல்எஸ்30 என்று தொடங்கும், வலப்பக்கம் என்றால் எச்எஸ்30. எஸ்30 என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானில் விற்ற 2 லிட்டர் ஃபேர்லேடி. பிஎஸ்30 என்று கண்டால் உட்கார்ந்துவிடுங்கள். அது சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு கொண்ட இசட்432. சில நூறுதான் செய்தார்கள். அதைத் தொடக்கநிலையாளர் தொடக் கூடாது.

அடுத்து எஞ்சின் எண். பிளாக்கின் வலப்பக்கம், பின்பகுதியில் ஒரு சமதளத்தில் எல்24 என்று தொடங்கும் எண் குத்தியிருக்கும். அது எஞ்சின் அறைத் தகட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எல்28 என்று இருந்தால், பின்னாளில் வந்த 280இசட்டின் எஞ்சினை யாரோ மாட்டியிருக்கிறார்கள். வண்டி வேகமாகப் போகும், ஆனால் அசல் அல்ல. கியர்பாக்ஸும் அப்படியே: அமெரிக்க 240இசட்டுக்கு நான்கு கியர் மேனுவலும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும்தான் வந்தன. ஐந்தாவது கியர் விழுந்தால் அது வேறு வண்டியிலிருந்து வந்தது.

துருவைத் தேடிப் பாருங்கள்

வாங்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். நானாக இருந்தால் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எஞ்சினைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். துருப்பிடித்த பாடியையும் சரிசெய்யலாம்தான், ஆனால் அதற்கு வண்டியின் விலையைவிட அதிகமாகும். அந்தக் காலத்துத் தகடு மெல்லியது, துருத் தடுப்பும் பெயருக்குத்தான்.

பேட்டரித் தட்டில் தொடங்குங்கள். அமிலம் சிந்தி அதன் கீழே உள்ள சுவரையும் தரையையும் தின்றிருக்கும். அப்புறம் வைப்பர் அடியில் இருக்கும் குழிப்பகுதி. இலை தழை தங்கி, நீர் வடியாமல், கதவுக்கு முன்னால் உள்ள மூடிய அறைகள் அழுகும். முன் மட்கார்டின் கீழ்முனை, கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் உள்ள சின்ன முக்கோணப் பகுதி, பின்சக்கர வளைவு, ஸ்டெப்னி குழி, பின்விளக்குகளுக்குக் கீழே உள்ள தகடு, ஓட்டுநர் காலடித் தரை, தரைக்கு அடியில் ஓடும் நீளப் பெட்டிச் சட்டங்கள் என்று ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். சட்டத்தில் துரு என்றால் அது அலங்காரப் பிரச்சினை இல்லை.

துணியில் சுற்றிய காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். பட்டி தடிமனாக அப்பிய இடத்தில் அது ஒட்டாது. கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பார்த்தால் கீல் தூணின் நிலைமை தெரிந்துவிடும். கார்ப்பெட்டைத் தூக்க விற்பவர் விடவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான ஒரு நிலையும் உண்டு. அசல் பெயிண்ட், அசல் சீட், அசல் பிளக்கு வயர்களோடு ஒரு வண்டி கிடைத்தால், அங்கங்கே சிராய்ப்பு இருந்தாலும், தயவுசெய்து அதைப் பிரித்துப் போடாதீர்கள். சுத்தம் செய்யுங்கள், பிரேக், எரிபொருள் குழாய், டயர் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டுங்கள். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு 1971 வண்டி ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. வெறும் 22,000 மைலுக்குள் ஓடிய, கை படாத வண்டி என்பதுதான் அதற்குக் காரணம்.

பிரிப்பதற்கு முன்

வேலைக்கு இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பிரித்த கார், முழுக் காரைவிட மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். அலமாரி இல்லாமல் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

கருவிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கார்களில் இருக்கும் நட்சத்திர ஸ்குரூக்கள் பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அவை ஜிஸ் எனும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் டிரைவரை வைத்துத் திருகினால் அது அடிவரை உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். அசல் ஸ்குரூவைக் காப்பாற்ற நினைப்பவர் ஜிஸ் டிரைவர் செட் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். கார்புரேட்டர் ஸ்குரூக்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். போல்ட்டுகளிலும் இதே கதை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 12 அளவுத் தலை இருக்கும், 10 மில்லிமீட்டருக்கு 14. கடையில் சும்மா வாங்கும் போல்ட்டில் அது 13-ம் 17-ம் ஆக இருக்கும். மரை இடைவெளியும் மாறும்: 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இந்தக் கார்களில் 1.25, கடையில் கிடைப்பது பொதுவாக 1.5. கட்டாயப்படுத்தி ஏற்றினால் மரை போய்விடும்.

பிறகு கேமரா. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன், கழற்றும்போது, கழற்றிய பின் என்று படம் எடுங்கள். வயர் எந்தக் கிளிப்பில் போகிறது, குழாயின் கவ்வி எந்தப் பக்கம் பார்க்கிறது, போல்ட் மேலிருந்து இறங்குகிறதா கீழிருந்து ஏறுகிறதா என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது. போல்ட்டுகளைப் பாகவாரியாகப் பையில் போட்டு, பையின் மேல் எழுதி, உள்ளேயும் ஒரு சீட்டுப் போடுங்கள். மேலே எழுதியது எண்ணெய் பட்டு அழியும்.

எதையும் சுத்தம் செய்வதற்கு முன் பாருங்கள். பல வருட எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் சோதனையாளர் வைத்த பெயிண்ட் புள்ளி, பாக எண் முத்திரை, கிழிந்த ஸ்டிக்கரின் ஓரம் எல்லாம் ஒளிந்திருக்கும். கரைப்பானில் முக்கினால் போயிற்று. இந்த அடையாளங்களுக்கு அளவெடுத்து, நிறத்தையும் குறித்துவையுங்கள்.

பழைய பாகத்தை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். புதியதை வாங்கிவிட்டீர்கள், பொருத்தியும்விட்டீர்கள் என்றாலும், வண்டி ஓடும்வரை பழையது அலமாரியில் இருக்கட்டும். இன்று கிடைக்கும் மறுதயாரிப்பு ரப்பர்களும் சின்னங்களும் பல நேரம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், முழுக்கச் சரியாக இருக்காது. எது சரி என்று சொல்ல அந்தப் பழைய துண்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மூன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரமாக்கித் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். இது உயிரை வாங்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் போக வேண்டும்.

பாடி வேலை

காசும் நேரமும் கரையும் இடம் இது. பெயிண்ட்டை உரிக்க சேண்ட் பிளாஸ்டிங் என்று யாராவது சொன்னால், அது கீழ்ச்சட்டங்களுக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் சரி. பானெட், கதவு, கூரை போன்ற அகலமான மெல்லிய தகடுகளில் மணல் அடித்தால் தகடு நெளிந்துவிடும், திரும்பாது. அவற்றுக்கு சோடாத் தூள், பிளாஸ்டிக் துகள், அல்லது கெமிக்கல் ஸ்டிரிப்பரும் பொறுமையும்.

துருத் தரையை வெட்டுவதற்கு முன் பாடியின் உட்புறம் இரும்புக் குழாய்களால் குறுக்கே கட்டுங்கள். கதவு வழியில் ஒன்று, இரு பக்கத்துக்கும் நடுவே ஒன்று. இல்லாவிட்டால் தரையை வெட்டியதும் பாடி தொய்ந்து, அப்படியே வெல்டிங் வைத்துவிடுவீர்கள்; பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. சர்வீஸ் கையேட்டில் பாடியின் அளவுகள் வரைபடமாக இருக்கும். குறுக்கு அளவுகளை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுங்கள்.

மெல்லிய தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பியோடு மிக் வெல்டிங் போதும். ஒரே கோட்டில் இழுக்காமல் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது அங்கே என்று வைத்து, ஆறவிட்டு, நடுவில் நிரப்ப வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் இருந்த ஓரங்களில், மேல்தகட்டில் துளையிட்டு நிரப்பி, தேய்த்துவிட்டால் அசல் போலவே தெரியும். எத்தனை புள்ளிகள், என்ன இடைவெளி என்பதைப் பழைய தகட்டில் எண்ணிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட்டுக்கு முன் ஒரு முறை எல்லாவற்றையும் மாட்டிப் பார்க்க வேண்டும். கதவு, பானெட், பின்கதவு, மட்கார்டு, பம்பர், விளக்கு, கதவு ரப்பர் உட்பட. ரப்பர் இல்லாமல் இடைவெளி சரிசெய்துவிட்டு, கடைசியில் தடித்த மறுதயாரிப்பு ரப்பரை மாட்டியதும் கதவு வெளியே துருத்தி நிற்பது இந்த வண்டியில் அடிக்கடி நடக்கும் கூத்து. இன்னொன்று: 1970-களின் தொழிற்சாலை இடைவெளிகள் கத்தி முனை மாதிரி சீராக இருந்ததில்லை. அசல் நிலை வேண்டும் என்பவர் அதைவிட நேர்த்தியாகச் செய்வதிலும் ஒரு அளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறைய.

பெயிண்ட்

நிறத்துக்கு எண் உண்டு. 918 ஆரஞ்சு, 904 வெள்ளை, 920 சஃபாரி கோல்டு என்று போகும். ஆனால் அந்த எண்ணைக் கொடுத்துக் கலக்கிய பெயிண்ட் எப்போதும் பொருந்தாது. வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியிலோ பக்கவாட்டு உள்பேனலுக்குப் பின்னாலோ தேடி, அதைப் பாலிஷ் போட்டு, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் காரில் எஞ்சின் அறைக்கும் பாடி நிறம்தான். கறுப்பு அடித்திருந்தால் அது பின்னால் வந்தவர் வேலை.

அசலில் இருந்தது மேல் வார்னிஷ் இல்லாத ஒற்றை அடுக்கு எனாமல். இன்று எல்லாரும் அடிக்கும் நிறம், அதன்மேல் கிளியர் என்ற முறையில் கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் அந்த மின்னல் 1970-ஐச் சேர்ந்ததல்ல. அடர்நிறங்களில் ஒற்றை அடுக்குப் பெயிண்ட்டையே அடிக்கச் சொல்லுங்கள். வரிசை இது: வெறுந்தகட்டில் எப்பாக்ஸி பிரைமர், தேவையான இடத்தில் அதன்மேல் மெல்லிய பட்டி, கனத்த பிரைமர், கட்டை வைத்துத் தேய்த்தல், கடைசியாக நிறம். ஒவ்வொரு அடுக்கும் காய நாட்களைக் கொடுங்கள். அவசரப்பட்டால் சில மாதங்களில் பெயிண்ட் சுருங்கி, தேய்த்த கோடுகள் மேலே தெரியும். இரண்டு கலவைப் பெயிண்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கக் கூடாத பொருள் அது. இந்த வேலையை வெளியே கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நிறம் காய்ந்த பின் பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு பீய்ச்ச மறக்காதீர்கள்.

பெயிண்ட் கடையில் வண்டி நிற்கும் காலத்தில் போல்ட்டுகளை முலாமுக்கு அனுப்பலாம். பெரும்பாலானவை மஞ்சள் குரோமேட் போட்ட துத்தநாக முலாம், சில வெள்ளை. எது எது என்று தலைக்கு அடியில், வாஷர் மறைத்த இடத்தில் பார்த்தால் தெரியும். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் போல்ட்டுகளில் எச்சரிக்கை தேவை. அமிலத்தில் ஊறும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, பிறகு ஒரு நாள் பாரம் தாங்கும்போது பட்டென்று உடையும். முலாம் போட்டவுடனே சுமார் 190–200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்தெடுத்தால்தான் அது வெளியேறும். அதைச் செய்து தராத இடத்தில் அந்த போல்ட்டுகளைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சின்

எல்24 என்பது 2,393 சிசி, வரிசையில் ஆறு சிலிண்டர், 83 மில்லிமீட்டர் போர், 73.7 ஸ்ட்ரோக். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட். கிராங்கை ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. அடிப்பகுதி லேசில் சாகாது.

ஹெட்டைத் தனியாகக் கழற்றுபவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. கேம் பல்சக்கரத்தை எடுப்பதற்கு முன், டைமிங் செயினின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு மர ஆப்பை மேலிருந்து இறுக்கமாக இறக்க வேண்டும். இல்லையென்றால் செயின் தளர்ந்தவுடன் கீழே அதை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனர் வெளியே துள்ளிவிடும், அதைத் திரும்பப் போட முன்மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். ஒரு மரத்துண்டுக்குச் சோம்பல்பட்டால் ஒரு வாரம் போகும்.

ராக்கர் கைகளையும் அவற்றின் அடியில் வால்வு முனையில் உட்காரும் பட்டைகளையும் கலந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் கேம் முனையோடு தேய்ந்து பழகியது. இடம் மாறினால் கேம் சீக்கிரம் கெடும். முட்டை அட்டை எடுத்து எண் எழுதி அதில் வையுங்கள். கேம்ஷாஃப்டைத் தாங்கும் தூண்களை ஹெட்டிலிருந்து கழற்றக் கூடாது, அவை நேர்கோட்டில் வைத்துத் துளையிடப்பட்டவை. ஹெட் வளைந்து, லேத்தில் சீவ வேண்டி வந்தால், தூண்களுக்கு அடியில் அதே அளவு ஷிம் எனும் மெல்லிய தகடு வைப்பது பற்றி முதலிலேயே லேத்காரரிடம் பேசுங்கள். பேசாமல் சீவினால் செயின் தொய்ந்து டைமிங் பின்தங்கும். ஹெட்டில் இ31 என்று வார்த்திருந்தால் அது ஆரம்பக்கால ஹெட். அதை எந்த விலைக்கும் மாற்றாதீர்கள்.

கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மில்லிமீட்டர், சூடான நிலையில் 0.25, 0.30. ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4.

கார்புரேட்டர் இரண்டும் ஹிட்டாச்சி, பிரிட்டிஷ் எஸ்யூ முறையில் செய்தவை. எரிபொருள் சரியாகக் கலக்கவில்லை என்று அடியில் உள்ள கலவை நட்டைத் திருகிக்கொண்டே இருப்பதற்கு முன், த்ராட்டில் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அங்கே காற்று இழுக்கிறது, எந்தச் செட்டிங்கும் நிற்காது. தண்டுக்குப் புதிய புஷ் (அது சுழலும் உறை) போட்டால் பாதி நோய் தீரும். மேலே உள்ள குப்பியில் எண்ணெய் இருக்கிறதா என்பதையும் பலர் பார்ப்பதே இல்லை.

1973 வண்டிக்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம். அந்த வருடம் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டையான மூடி கொண்ட வேறு கார்புரேட்டர் வந்தது. சூட்டில் எரிபொருள் ஆவியாகி வண்டி திணறும். அதனால் அந்தக் காலத்திலேயே பலர் கழற்றி வீசிவிட்டு, பழைய உருண்டை மூடிக் கார்புரேட்டரை மாட்டிக்கொண்டார்கள். அசல் என்பதற்காக மோசமானதைத் திரும்ப மாட்டுவதா? காட்சிக்கு நிறுத்தும் வண்டி என்றால் ஆம். ஓட்டுவதற்கு என்றால், உருண்டையை மாட்டி, தட்டையைச் சுத்தம் செய்து பெட்டியில் போட்டுக் காரோடு வைத்திருப்பேன். திரும்பவும் மாற்ற முடிகிற மாற்றம் என்றால் எனக்கு உறுத்தல் இல்லை.

எரிபொருள் டாங்கியை உள்ளே பார்க்காமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். பழைய பெட்ரோல் பிசினாகி, துருத்தூளோடு கார்புரேட்டருக்கு வரும். ரப்பர் குழாய்கள் அத்தனையும் மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரைக் கரைக்கும்.

சஸ்பென்ஷனும் பிரேக்கும்

இந்தக் காரைப் பிரித்தவர்களிடம் பின்கை ஸ்பிண்டில் பின் என்று சொன்னால் முகம் மாறும். பின்சக்கரத் தாங்கியையும் கீழ்க்கையையும் இணைக்கும் நீண்ட தண்டு அது. பல வருடத் துருவில் ஒன்றாகிப்போய் அசையாது. முதலில் நடுவில் இருக்கும் பூட்டு ஊசியை எடுங்கள். அதை எடுக்காமல் சுத்தியால் அடிப்பவர்கள் ஏராளம். பிறகு துரு இளக்கும் எண்ணெயை நாட்கணக்கில் ஊறவிட்டு, இழுக்கும் கருவியால் எடுங்கள். முனையில் அடித்தால் மரை பூப்போல விரிந்துவிடும். எதற்கும் புதிய பின் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள் ரப்பரிலேயே இருக்கட்டும். பாலியூரித்தேன் நீடிக்கும்தான், ஆனால் வண்டியின் மெத்தென்ற நடையை அது மாற்றிவிடும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் காரைத் தூக்கி வைத்த நிலையில் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, கார் தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும்; இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து கிழியும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். முன்னால் டிஸ்க், பின்னால் துடுப்பு வைத்த அலுமினிய டிரம். சிலிண்டர், குழாய், சீல் எல்லாம் புதிது. அசல் சக்கரம் 14 அங்குலம், 4.5 அங்குல அகல இரும்பு ரிம், டயர் 175எச்ஆர்14. இன்றைய கண்ணுக்குச் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாகத் தெரியும். அதுதான் அசல்.

வயரிங், உள்ளலங்காரம்

பழைய வயர்க்கட்டு உருகாமல் இருந்தால் அதையே கழுவி, கனெக்டர்களைத் துலக்கி, புதிதாக டேப் சுற்றிப் பயன்படுத்துங்கள். இதில் பிறவிக் குறை ஒன்று உண்டு: முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவும் ஃப்யூஸ் பெட்டி வழியாகவும் போகிறது. ஐம்பது வருடத்துக் களிம்பு சேர்ந்ததும் ஃப்யூஸ் பெட்டி சூடாகி உருகும். கண்ணில் படாத இடத்தில், சுவிட்சுக்குப் பதில் அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே வைத்துவிடுவது தேவையான சமரசம். புதுப் பெயிண்ட் எர்த் புள்ளிகளை மூடியிருக்கும், அங்கே சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் முடிந்த வண்டியில் வரும் விசித்திர மின்கோளாறுகளில் முக்கால்வாசி இதுதான்.

உள்ளே பெரிய தலைவலி டேஷ்போர்டு. வினைல் வெயிலில் சுருங்கி, மீட்டர்களுக்கு மேலே பிளக்கும். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள், தொடாதீர்கள். விரிசலை வெட்டித் திறந்து, நிரப்பி, மேற்பரப்பின் சொரசொரப்பை மீண்டும் உருவாக்கும் நிபுணர்களிடம் கொடுப்பதுதான் வழி. கியர் மேட்டின் மேல் வைரக்கட்டம் தைத்த வினைல் மறுதயாரிப்பில் கிடைக்கிறது. கட்டத்தின் அளவைப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

நிறுவனங்களும் சில வண்டிகளுக்கு உதவுகின்றன. நிஸ்ஸான் 1990-களில் அமெரிக்காவில் பழைய 240இசட்டுகளை வாங்கி, தானே புதுப்பித்து டீலர் வழியாக விற்றது. 2017-இலிருந்து ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்குப் பாகங்களைத் திரும்பச் செய்கிறது. மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கும், டொயோட்டா 2000ஜிடி, பழைய சுப்ரா ஆகியவற்றுக்கும் பாகங்கள் தருகின்றன. உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருந்தால், சந்தையில் தேடுவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

முதல் ஓட்டம்

ஓவர்ஹால் செய்த எஞ்சினை உடனே கிளப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் பிளக் போட வேண்டும். வால்வு மூடியைத் திறந்து கேமுக்கு எண்ணெய் வருகிறதா என்றும் பாருங்கள். புதிய கேம் போட்டிருந்தால், கிளப்பியவுடன் ஐடிலில் விடாமல் சுமார் 2,000 சுற்றில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள எண்ணெய் இதற்கு அவசியம். இன்றைய எண்ணெய்கள் பலவற்றில் அது குறைவு. பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கும் எஞ்சின் இது, ஒரு குழாய்க் கவ்வி தளர்ந்தால் போதும்.

முதல் சில ஓட்டங்கள் வீட்டைச் சுற்றியே, பகலில். திரும்பி வந்ததும் சக்கர நட்டு, சஸ்பென்ஷன் போல்ட், எரிபொருள் இணைப்புகள், பிரேக் ஆயில் மட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணெயை முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறையும், 800-ஐத் தொடும்போது இன்னொரு முறையும் மாற்றி, வடித்த எண்ணெயில் உலோகத்தூள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஹெட் போல்ட்டுகளையும் டேப்பெட்டையும் அப்போது திரும்பவும் சரிபார்த்துவிட வேண்டும்.